தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கலைக் கல்வி வேண்டும்

(கிளைச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். சம்பளம் பற்றியும், ஒழுகும் கூரை பற்றியும் எனக்கு முன் பேசியவர்கள் நன்றாகவே பேசிவிட்டார்கள். நான் பேச வந்தது ஒன்பதாவது தீர்மானம் பற்றி. நம் தோட்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பிள்ளைகளுக்கு, அவர்கள் எந்த இனத்தவராயினும், மாதம் பத்து வெள்ளிக் கட்டணத்தில் ஆட்டமும் மேளமும் கற்றுக் கொடுக்க ஒரு வகுப்பைக் கிளை தொடங்க வேண்டும் என்பதே அந்தத் தீர்மானம்.

கமிட்டியில் இதை நான் வாசித்தபோது ஒரு பெரியவர் கேட்டார்: "ஏன் தம்பி, சங்கம் எதுக்கு இருக்கு? சம்பளம் கேக்கவா, சலங்கை கட்டவா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது சிரித்துவிட்டு விடும் கேள்வியன்று, நேரான கேள்வி. நேராகவே பதில் சொல்ல வேண்டும்.

நம்முடைய ஆட்கள் சம்பளத்துக்காக மட்டுமா காசு போட்டார்கள்? 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் "தமிழ் எங்கள் உயிர்" நிதி திரட்டினார். 1956இல் இந்திய இயல் துறை தொடங்கிற்று. அந்த நிதிக்கு வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தவர்களில் பால்வெட்டுக்காரர்கள் உண்டு. தம் பிள்ளை அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலைப் பார்ப்பான் என்ற உறுதி அவர்களுக்கு இருந்ததா? இல்லை. இருந்தாலும் கொடுத்தார்கள். 1960இல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் சிறு சிறு தவணையாகப் பங்குப் பணம் கட்டினார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தோட்டத்தையே வாங்கத் துணிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நாலு மேளம் வாங்குவதற்கு இவ்வளவு யோசனை எதற்கு?

பழைய கதையை அளவுக்கு மீறிப் புகழவும் நான் வரவில்லை. நம் பாட்டன்மார் காலத்துத் தோட்டத்தில் கலை இருந்தது என்பது உண்மை. மாரியம்மன் திருவிழா என்றால் கரகமும் காவடியும் வரும். லயத்து முன்னால் கும்மியும் கோலாட்டமும் நடக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாடகம் போடுவார்கள். மீசை முளைக்காத பையன் சேலை கட்டிக் கதாநாயகியாக வருவான். அதற்கெல்லாம் கட்டணம் கிடையாது. ஆசான் என்பவரும் பக்கத்து நிரையில் மரம் வெட்டுகிறவர்தான். ஆனால் அதே காலத்தில் கள்ளுக்கடையும் இருந்தது. மேளம் தொடுகிறவன் இன்ன சாதி என்று விரல் நீட்டும் வழக்கமும் இருந்தது. பெண்பிள்ளைகளுக்குக் கும்மி வட்டத்துக்கு வெளியே இடமில்லை. ஆகவே பழையதை அப்படியே தூக்கி வருவது என் நோக்கமல்ல. கட்டணமில்லாமல் அண்டை வீட்டுக்காரரிடமே கற்றுக்கொண்டார்களே, அந்த ஒன்றைத்தான் திரும்பக் கேட்கிறேன்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று சொன்னது. எத்தனை பிள்ளைகள் இருந்தால் ஒரு மேளம் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதை நாமே பார்த்துக்கொண்டோம். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. சனங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறினார்கள். மேளம் தெரிந்த பெரியவர் ஒரு பக்கம், கற்றுக்கொள்ள வேண்டிய பையன் ஒரு பக்கம். கலை பட்டணத்துக்குக் குடியேறிவிட்டது.

பட்டணத்தில் நல்ல காரியம் நடக்கவில்லை என்று சொல்லவில்லை. கோலாலம்பூரில் 1981இல் நுண்கலைக் கோயில் தொடங்கியது. 1983இல் ரம்லி இப்ராஹிம் அவர்கள் சூத்ரா நாட்டியக் குழுவை நிறுவினார். இவர்களால் நம் நாட்டில் இந்திய நடனம் செழித்திருக்கிறது. நமக்கும் அவர்களுக்கும் இடையில் இருப்பது செம்மண் ரோடும், வராத பஸ்சும், சம்பளச் சீட்டும்தான்.

நான் கணக்கு எழுதுகிறவன். எனவே கணக்காகவே பார்ப்போம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் அரிசி, பால்மாவு, மோட்டார் சைக்கிள் தவணை, கைப்பேசி, ஊரில் இருக்கும் தாய்க்கு ஒரு தொகை. மழைக்காலம் வந்து மரம் நனைந்துவிட்டால் கூடுதல் பால் காசு கிடையாது. மீதி எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். இந்தச் சம்பளக்காரர் தம் மகளை நடன வகுப்பில் சேர்க்கப் போகிறார். மாதக் கட்டணத்தை விசாரிக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடலாம் என்று நினைக்கிறார். ஆனால் அந்தக் கட்டணம் தலைதான்; வால் பின்னால் வருகிறது. பயிற்சிச் சேலை, சலங்கை, போகவர எண்ணெய்க் காசு, தேர்வுக் கட்டணம், ஆண்டு விழாவுக்கு மேடை உடை, நகை, ஒப்பனைக்காரருக்குக் கூலி, புகைப்படம் என்று ஒவ்வொன்றாக வரும்.

நம் தோட்டத்துத் தாயார் ஒருவரின் மகளுக்கு நடந்தது இதுதான். பெயர் வேண்டாம், அவரே இங்கே உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை ஒன்றரை வருஷம் போனாள். ஆண்டு விழா வந்தது. உடைக்குப் பணம் கட்டாத பிள்ளைகள் மேடைக்கு வர வேண்டாம் என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள். பிள்ளை அன்றோடு நின்றுவிட்டாள். "ஏன் அக்கா நிறுத்திவிட்டீர்கள்?" என்று ஆபீஸ் ஜன்னலில் வைத்துக் கேட்டேன். "புள்ள நல்லாத்தான் ஆடுது ஐயா. அந்த உடுப்பத்தான் என்னால ஆட வைக்க முடியல" என்றார்.

இந்த ஒரு பதிலுக்காகத்தான் நான் தீர்மானமே எழுதினேன். அந்த ஆசிரியரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. மண்டபக்காரன் அவரிடம் முன்பணம் கேட்கிறான். கலைக்கு ஆகும் செலவு வேறு, கலையைச் சுற்றி ஆகும் செலவு வேறு. முன்னது சிறிது, பின்னது பெரிது. அரங்கேற்றம் என்றால் இப்போது கல்யாணச் செலவு என்றாகிவிட்டது. பந்தியும் உண்டு, பரிசுப் பையும் உண்டு. மறுநாள் சலங்கை பெட்டிக்குள் போய்விடுகிறது. வசதியுள்ளவர்கள் செய்து போகட்டும். அதுதான் கலைக்கு வாசல் என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

சரி, வழி என்ன? மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

1988இல் ஜொகூர் பாருவில், கவிஞர் தான் சாய் புவான், இசைக் கலைஞர் தான் ஹூய் சோங் ஆகிய இருவர் சேர்ந்து "இருபத்து நான்கு பருவ முரசு" என்ற ஒன்றை உருவாக்கினார்கள். சீனர்களின் விவசாய நாள்காட்டியில் ஆண்டுக்கு இருபத்து நான்கு பருவம். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு முரசு. அதன் பெயரை முரசின் மேல் தூரிகையால் எழுதினார்கள். முரசு புதிதன்று, சிங்க ஆட்டத்துக்கு அடிக்கிற முரசுதான். சீனப் பள்ளிப் பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டார்கள். இன்று நாடு முழுதும் பள்ளிகளில் குழுக்கள் இருக்கின்றன, வெளிநாடுகளுக்கும் போயிருக்கிறது. 2009இல் அரசாங்கமே அதைத் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது.

இது சீனத்திலிருந்து வந்த கலையன்று என்பதைக் கவனியுங்கள். நம்மைப் போல வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள், இருந்த முரசை வைத்து, இந்த நாட்டிலே உண்டாக்கியது. பள்ளிக் குழுவின் முரசு பொதுவானது. வீட்டுக்கு ஒன்று வாங்க வேண்டியதில்லை. மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்றுக் கொடுக்கிறான். உடையென்றால் ஒரே மாதிரி சட்டையும் இடுப்புத் துணியும் போதும். சிக்கனம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. தனியாக ஒருவன் ஆடிப் பேர் வாங்கும் கலைக்கு ஆகிற செலவு, இருபது பேர் சேர்ந்து அடிக்கிற கலைக்கு ஆவதில்லை.

தெற்கே சிங்கப்பூரில் வேறு வழி. அங்கே பல பள்ளிகளில் மலாய் நடனம், சீன நடனம், இந்திய நடனம் ஆகியவை இணைப்பாட நடவடிக்கையாக இருக்கின்றன. 1967 முதல் இளையர் விழா நடத்தி வருகிறார்கள். பள்ளியே பயிற்சியாளரை அழைக்கிறது. சீனப் பிள்ளை இந்திய நடனக் குழுவில் பொட்டு வைத்துக்கொண்டு ஆடுவது அங்கே அதிசயமில்லை. அது சிறிய நாடு, காசுள்ள அரசு. நாம் அப்படியே செய்ய முடியாது. ஆனால் பிள்ளை ஆடுமிடத்துக்கு ஆசிரியர் வரவேண்டும் என்ற முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

இனி நம் பையன்கள் விஷயம். கொஞ்சம் கசப்பாகப் பேசப் போகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெண்பிள்ளைக்குப் பரதம் என்றால் தாய் தகப்பன் முகம் மலர்கிறது. பையன் உறுமியைத் தோளில் மாட்டினால் அதே முகம் சுளிக்கிறது. "உருப்படாத கூட்டம்" என்று பேர் வைத்துவிடுகிறோம். இந்த நாட்டில் யாரும் சொல்லாமல், யாரும் பணம் கொடுக்காமல், தோட்டத்துப் பிள்ளைகள் தாங்களே காப்பாற்றி வைத்திருக்கும் கலை ஒன்று உண்டென்றால் அது உறுமி மேளம். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போய்ப் பாருங்கள். காவடியை நடத்திப் போவதே அதுதான். சில இடங்களில் குடியும் அடிதடியும் அதோடு சேர்ந்திருப்பதை நான் மறைக்கவில்லை. அது மேளத்தின் குற்றமா? பொறுப்பான பெரியவர் ஒருவரும் அந்தப் பையன்களோடு நிற்காததன் பலன். நாம் விட்ட இடத்தில் வேறு ஒருவன் போய் நிற்கிறான். அவன் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்கே தெரியும்.

பரதம் உயர்ந்தது, பறையும் உறுமியும் தாழ்ந்தது என்கிறவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். இன்று பரதம் என்று போற்றுவதை நூறு ஆண்டுக்கு முன் சதிர் என்று சொல்லி, கௌரவமான குடும்பத்துப் பெண்கள் ஆடத் தகாதது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1936இல் ருக்மிணி தேவி சென்னையில் கலாக்ஷேத்திரம் தொடங்கினார். அதற்குப் பிறகு அது மேட்டுக்குடி வீடுகளின் பெருமையாகிவிட்டது. அந்த மாற்றத்தில் பரம்பரையாக ஆடி வந்த பெண்கள் பலர் ஓரங்கட்டப்பட்டார்கள் என்பது தனிச் சோகம். இழிவு என்பதும் உயர்வு என்பதும் மனிதர் ஒட்டும் சீட்டு. நம் வகுப்பில் ஆட்டத்துக்கும் மேளத்துக்கும் ஒரே மரியாதை. பெண்பிள்ளை உறுமி அடிக்கலாம், ஆண்பிள்ளை ஆடலாம்.

தீர்மானத்தில் "எந்த இனத்தவராயினும்" என்று இருக்கிறதே, அது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நம் காசு, நம் பிள்ளை, போதாதா என்கிறார்கள்.

இந்தத் தோட்டத்தில் லாரி ஓட்டும் மலாய்ச் சகோதரர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். மளிகைக்கடைச் சீனர் வீட்டுப் பேரன் நம் திடலில்தான் பந்து விளையாடுகிறான். ஆற்றுக்கு அக்கரையில் ஓராங் அஸ்லி கிராமம். எல்லோர் வீட்டிலும் இதே 1,700 வெள்ளிக் கணக்குத்தான். தொழிற்சங்கம் இனம் பார்த்தா சந்தா வாங்குகிறது?

இன்னொன்று: கலையில் கொடுப்பவன் வாங்கவும் செய்கிறான். கொம்பாங் பார்த்திருப்பீர்கள், மலாய்க் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அடிப்பார்கள். ஒற்றைத் தோல், கையில் பிடிக்கிற அளவு. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒருவன் விட்ட இடைவெளியில் அடுத்தவன் அடிப்பான். இருவர் அடியும் சேர்ந்தால்தான் தாளம் முழுமையாகும். தனியே உட்கார்ந்து அடித்தால் ஓட்டை ஓட்டையாகக் கேட்கும். நம் லாரி டிரைவர்களில் ஒருவர் கொம்பாங் குழு நடத்துகிறவர். கேட்டேன், "ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், காசு வேண்டாம், என் மகனுக்கு உறுமி சொல்லிக் கொடுங்கள்" என்றார்.

தங்கள் கலையைக் காப்பாற்ற அவர்களும் பாடுபடுகிறார்கள். கிளந்தானின் மாக் யோங் ஆட்டத்தை மாநில அரசு 1991இல் தடை செய்தது. 2005இல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் அரும் மரபுகளில் ஒன்று என்று அறிவித்தது. 2019இல்தான் நிபந்தனைகளோடு தடை தளர்ந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் கிராமத்துக் குடும்பங்கள்தான் அதைச் சாகவிடாமல் வைத்திருந்தன. நான் முன்பு சொன்ன ரம்லி இப்ராஹிம் மலாய்க்காரர். அடையாறு லட்சுமணனிடம் பரதமும், தேவ பிரசாத் தாசிடம் ஒடிசியும் கற்று, நம் பிள்ளைகளுக்கே கற்றுக் கொடுத்தவர். அவர் வந்தபோது "உனக்கு ஏன் இது?" என்று அந்த ஆசான்கள் கேட்டிருந்தால் நட்டம் யாருக்கு?

மலாய்ப் பெற்றோருக்கு ஒரு தயக்கம் இருக்கும். இது சமயப் போதனையாகிவிடுமோ என்று. நியாயமான தயக்கம். அதனால்தான் வகுப்பைக் கோயில் மண்டபத்தில் வைக்காமல் இந்தப் பொது மண்டபத்தில் வைக்க வேண்டும் என்கிறேன். கோயில் கமிட்டி அண்ணன்மார் கோபித்துக்கொள்ள வேண்டாம். திருவிழாவுக்கு நம் பிள்ளைகள் வந்து அடிப்பார்கள்.

"படிப்பு கெட்டுவிடும்" என்பது அடுத்த ஆட்சேபம். ஆறாம் ஆண்டுச் சோதனையே 2021இல் எடுத்துவிட்டார்கள் என்பது நினைவிருக்கட்டும். அதைவிட முக்கியம் வேறு. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்குத் தகுதிப் புள்ளி நூறில் தொண்ணூறு தேர்வுக்கு, பத்து புறப்பாட நடவடிக்கைக்கு. பட்டணத்துப் பிள்ளை மேடை, போட்டி, பதக்கம் என்று அந்தப் பத்தில் எட்டு ஒன்பது வாங்கி வருகிறது. நம் பிள்ளை பள்ளி விட்டால் பஸ் பிடிக்க ஓடுகிறது. தேர்வில் சமமாக வந்தும் இந்தச் சில புள்ளியில் இடம் இழக்க நேரலாம். ஆசிரியர்களோடு பேசி, நம் பிள்ளைகள் இங்கே பயின்று பள்ளிப் பெயரில் போட்டிக்குப் போக வழி செய்யலாம். புள்ளிக்காக மட்டும் கற்கச் சொல்லவில்லை. ஆனால் நமக்குரிய புள்ளியை ஏன் விட வேண்டும்?

இப்போது செலவுக்கு வருகிறேன். முப்பது பிள்ளைகள், ஆளுக்குப் பத்து வெள்ளி, மாதம் 300 வெள்ளி. பட்டணத்திலிருந்து ஓர் ஆசிரியர் வாரம் ஒரு நாள், சனிக்கிழமை பிற்பகல், வர ஒப்புக்கொண்டிருக்கிறார். தடவைக்கு 60 வெள்ளி, எண்ணெய்க்கு 15. நாலு வாரத்துக்கு அதே 300. வரவும் செலவும் சரி. ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் ஒரு வாரம் அவர் வரமாட்டார். மூத்த பிள்ளைகளை வைத்துப் பயிற்சி நடக்கும். ஒரே வீட்டிலிருந்து மூன்றாவது பிள்ளைக்குக் கட்டணமில்லை. கட்ட முடியாதவர்கள் பொருளாளரிடம் ஒரு சொல் சொன்னால் போதும், கிளை கட்டும். யார் யார் என்று பலகையில் எழுதமாட்டோம். பிள்ளைக்கும் தெரிய வேண்டியதில்லை.

மேளங்கள் கிளையின் சொத்து. இரண்டு உறுமி, இரண்டு தவில், நாலு பறை, ஆறு கொம்பாங் என்று கேட்டிருக்கிறேன். விலை விசாரித்து அடுத்த கமிட்டியில் வைப்பேன். வீட்டுக்கு எடுத்துப் போகக் கையெழுத்து உண்டு, காசு இல்லை. உடைக்குப் பருத்திச் சேலை, ஒரே நிறம். தையல் தெரிந்த நம் தாய்மார்கள் நால்வர் தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அரங்கேற்றம் கிடையாது. ஆண்டுக்கு ஒரு முறை, மே தினத்தன்று, நம் திடலில், ஏறிய பிள்ளை ஏறாத பிள்ளை என்ற பேதமில்லாமல் எல்லாப் பிள்ளைகளும் ஆடுவார்கள், அடிப்பார்கள். உடுப்பு இல்லையென்று எந்தப் பிள்ளையும் கீழே நிற்காது.

மண்டபத்துக்கு வாடகை கேட்கக் கூடாதென்று நிர்வாகத்துக்குக் கடிதம் தயாராக இருக்கிறது. சனிக்கிழமை பிற்பகலில் இது பூட்டித்தான் கிடக்கிறது. மானேஜர் மறுத்தால் செயலாளர் போய்ப் பேசுவார். அதற்கும் மறுத்தால் பெரட்டுக் களம் இருக்கிறது, கூரையும் இருக்கிறது.

இந்தத் தோட்டம் இன்னும் எத்தனை ஆண்டு தோட்டமாக இருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாலாம் டிவிஷன் பக்கம் அளவுக் கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நாளை நாம் மாடி வீட்டுக்குப் போக நேர்ந்தால் மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, லயத்தையும் முடியாது. மேளத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம். அதை அடிக்கத் தெரிந்த முப்பது பிள்ளைகளும் கூடவே வருவார்கள். போகிற இடத்தில் நாம் சிதறாமல் ஒரு கூட்டமாக இருக்க வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து செய்ய ஒரு வேலை இருக்க வேண்டும்.

தீர்மானத்தை முன்மொழிகிறேன். வழிமொழிய நம் பால்வெட்டுத் தாய்மார்களில் ஒருவர் எழ வேண்டும் என்பது என் விருப்பம். பெயர் எழுதும் புத்தகம் கதவோர மேசையில் இருக்கிறது. வயது ஏழு முதல் பதினேழு. வேண்டாம் என்கிறவர்களும் தயங்காமல் எழுந்து பேசலாம். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பதில் சொல்ல எனக்கு இன்னும் மூன்று நிமிடம் மீதி இருக்கிறது.